பதினெட்டு தசம் ஆறு

கற்பித்தல் அனுபவம் என்றால் வெண்பலகைக்கு முன்னால் நின்று நாலு பேர் கேட்கப் பேசுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் கைக்கு வந்ததோ ஒரு சாவிக்கொத்து, ஒரு வரவு இடாப்பு, கிழமைக்குத் திருத்துவதற்கு அறுபது செய்முறை ரெக்கோட் புத்தகம். அப்போது வன்னியில் ஒரு வளாகத்தில் விவசாயம் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மண்ணியல் படிப்பித்த விரிவுரையாளரை நாங்கள் வெறுமனே சேர் என்போம். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, முதல் வருடப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்கு உதவியாக நிற்கச் சொன்னார். முடிவில் ஒரு கடிதம் தருவாராம். தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்குமாம். யோசிக்காமல் ஓம் என்றேன். அந்த ஓமை நினைத்து அந்த செமஸ்டர் முழுவதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

படிப்பிப்பது எனக்குப் புதிதல்ல என்ற தலைக்கனமும் இருந்தது. எங்கள் வளாகங்களில் பரீட்சை நெருங்கினால் விளங்கியவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குக் குப்பி என்று பெயர். குப்பி எடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஆனால் குப்பிக்கு வருகிறவர் பரீட்சைப் பயத்தில் தானாக வருகிறார். புதன்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கிற செய்முறை வகுப்புக்கு யாரும் தானாக வருவதில்லை. இடாப்பில் கையெழுத்து வைக்க வருகிறார்கள்.

அறுபது பேரில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள், சிங்களம் பேசுகிறவர்கள். மற்றப் பாதி எங்கள் பக்கம். பாடம் ஆங்கிலத்தில். முதலில் ஆங்கிலத்தில் சொல்வேன், எல்லோரும் தலையாட்டுவார்கள். தமிழில் சொல்வேன், பாதிப் பேர் தலையாட்டுவார்கள். எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் இரண்டு கையையும் வைத்து மூன்றாம் தரம் சொல்லி, விளங்கியதா என்பதற்கு "தேருனாத?" என்று கேட்பேன். என் சிங்களத்தைக் கேட்டு எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்த வகுப்பு ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்புத்தான். பிறகு ஒருவர் கையை உயர்த்தி, முதலில் சொன்னதையே என்னவென்று கேட்பார்.

வகுப்பு முடிந்த பிறகும் விட்டார்களா? வட்ஸ்அப்பில் அக்கா, அக்கா, அக்கா. ரெக்கோட் எந்த மை பேனாவால் எழுதுவது அக்கா. படம் வலப்பக்கமா இடப்பக்கமா அக்கா. நாளைக்குத் தரலாமா அக்கா, ஊரில் திருவிழா. அந்த செமஸ்டரில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் நடந்த திருவிழா, பெரஹர ஊர்வலம், காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் எனக்கு அறிவித்தல் வந்தது. எனக்கென்று ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதக் கிடந்தது. பளையில் எங்கள் வீடு. பின்னேரம் வசதியான கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வீதியில் நின்று போகிற வருகிற வாகனத்துக்கெல்லாம் கை காட்டவேண்டும். இதெல்லாம் ஒருவருக்கும் அக்கறையில்லை.

பஸ்ஸை எனக்கு அடிக்கடி தவறவிட வைத்தவள் ஒருத்தி இருந்தாள். உடையார்கட்டுப் பக்கம் இருந்து வருகிற பிள்ளை. மலையகத்திலிருந்து அந்தக் காலத்தில் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், இப்போது வயலும் கச்சான் கடலையும் செய்கிறார்கள் என்று தன்னை அறிமுகப்படுத்திய நாளில் சொன்னாள். அதற்குப் பிறகு தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேலையில் மட்டும் நத்தை. மற்றவர்கள் ஒரு தரம் நிறுத்து எழுதிவிட்டு கன்ரீனுக்கு ஓடுவார்கள். இவள் மூன்று தரம் நிறுப்பாள். மூன்றும் ஒரே அளவாக வராவிட்டால் நாலாம் தரம். நான் சாவிக்கொத்தை வேண்டுமென்றே கிலுக்குவேன். திரும்பியும் பார்க்கமாட்டாள்.

அவளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. தொடக்கத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு செய்முறை வகுப்புகளைத் தவறவிட்டிருந்தாள். செய்முறைக்கு அரைவாசி மார்க்ஸாவது இல்லையென்றால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். கீழ் பட்ச்சோடு அடுத்த வருடம்தான் எழுதவேண்டும். கணக்குப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஒரு ரெக்கோட் பிழையாகப் போனாலும் அந்தக் கதிதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கிழமை நடந்தது மண்ணின் ஈரப்பதன் அளக்கும் செய்முறை. இதைவிட லேசான ஒன்று இல்லை. வளாகத்துப் பண்ணையில் கொஞ்சம் மண் எடுத்து, சின்ன அலுமினியப் பேணியில் போட்டு நிறுக்கவேண்டும். ஓவனில் ஒரு நாள் காயவிட்டுத் திரும்ப நிறுக்கவேண்டும். குறைந்த பாரம்தான் தண்ணீர். அதை நூற்று வீதமாக எழுதினால் சரி. ஐந்து பேருக்கு ஒரு பேணி, மொத்தம் பன்னிரண்டு. புதன்கிழமை பேணிகள் ஓவனுக்குள் போயின. வியாழக்கிழமை ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் வந்து நிறுக்கவேண்டும் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். நான் வியாழக்கிழமை போகவில்லை. என் ஆய்வு வேலை தலைக்கு மேல் கிடந்தது. சாவியை ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிற லாப் அண்ணாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அறுபது ரெக்கோட்டையும் வீட்டுக்குக் காவிக்கொண்டு போய்த் திருத்தினேன். திருத்துவதற்கு விடைத்தாள் என்று சேர் ஒன்றும் தரவில்லை. "உம்மட பழைய ரெக்கோட்டை வைச்சுப் பாரும்" என்றார். என்னுடையதில் அவரே சிவப்பு மையால் நன்று என்று எழுதியிருந்தார். ஈரப்பதன் பதினெட்டு தசம் ஆறு. பிள்ளைகளின் புத்தகங்களைத் திறந்தால் பதினெட்டு தசம் நாலு, பதினெட்டு தசம் ஏழு, பதினெட்டு தசம் ஆறு. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இவ்வளவு காலமும் நான் கத்தியது வீண்போகவில்லை, கடைசியில் ஒரு செய்முறையையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அப்போதுதான் அவளுடைய புத்தகம் வந்தது. மூன்று தசம் எட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு இவளுக்காகக் காத்துக் கிடந்தேனே, அந்த நேரமெல்லாம் இவள் என்னத்தைத்தான் நிறுத்தாள்? தசம் போட்ட இடம் பிழை, அல்லது பேணியின் பாரத்தைக் கழிக்க மறந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். கணக்கைச் சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் தந்தது. மூன்று தசம் எட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, பத்துக்கு இரண்டு என்று எழுதினேன்.

அடுத்த நாள் கன்ரீனில் தேநீரோடு இருந்தேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள்.

"அக்கா, இது நான் மூண்டு தரம் நிறுத்தனான்."

"முப்பது தரம் நிறுத்தாலும் பிழை பிழைதான். ஐம்பத்தொன்பது பேருக்குப் பதினெட்டு வந்திருக்கு. உமக்கு மட்டும் நாலு. ஆர் பிழை?"

"மண் நல்லாக் காஞ்சு கிடந்தது அக்கா. அதாலதான்…"

"எல்லாரும் ஒரே மண்ணைத்தானே எடுத்தவை? அவைக்கு மட்டும் ஈரமாக் கிடந்ததோ?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியது அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். தன் பட்ச்சைக் காட்டிக்கொடுக்கிற பிள்ளைக்கு வளாகத்தில் மற்ற மூன்று வருடமும் நரகம். அது எனக்கும் தெரியாததல்ல. அந்த நேரம் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது.

"உம்மட மார்க்ஸ் எந்த நிலையில கிடக்கெண்டு தெரியும்தானே?" என்றேன். "இந்த ரெண்டை அப்படியே அனுப்பினா நீர் பரீட்சை எழுத ஏலாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் திருத்திக் கொண்டு வாரும். பாத்துப் போடுறன்."

"ஓம் அக்கா" என்றுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே வந்தாள். மூன்று தசம் எட்டு இருந்த பக்கத்தையே காணவில்லை. அழகாகக் கிழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பக்கம் ஒட்டியிருந்தாள். பதினெட்டு தசம் ஐந்து. மண்ணை இன்னொரு தரம் எடுத்துக் காயவைக்க ஒரு முழு நாள் வேண்டுமே, அந்தக் கிழமை செய்முறையும் இல்லாமல் லாப் பூட்டிக் கிடந்ததே என்ற யோசனை எனக்கு வரவேயில்லை. பத்துக்கு எட்டுப் போட்டேன்.

"பாத்தீரா? கவனமாச் செய்தா வரும்தானே" என்றேன்.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தலையாட்டினாள். அன்றிரவு என்னோடு படிக்கிற பிள்ளைகளுக்கு இதை ஒரு சாதனையாகச் சொன்னேன். பின்தங்கின பிள்ளை ஒன்றைத் திருத்தி எடுத்தேனாம். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அடுத்த புதன்கிழமை வேறொரு செய்முறை. பண்ணையில் அதே துண்டு நிலத்தில் ஒரு இரும்பு வளையத்தை மண்ணுக்குள் இறக்கி, மண் எவ்வளவு இறுக்கம் என்று பார்ப்பது. நான்தான் செய்து காட்டவேண்டும் என்பதால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய் ஒரு தரம் செய்து பார்க்க நினைத்தேன். வரண்ட சோளகக் காற்று கண்ணுக்குள் புழுதியை அள்ளிக் கொட்டியது. வளையத்தை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். வளையம் துள்ளிப் போய் விழுந்தது. இன்னொரு தரம் அடித்தேன். கைதான் நொந்தது. அங்கே இங்கே வேலையாக நின்ற லாப் அண்ணா மண் கிண்டுகிற நீட்டு இரும்பு அலவாங்கோடு வந்தார்.

"உப்பிடி அடிச்சா விடியும் வரைக்கும் இறங்காது பிள்ளை" என்றார். "மூண்டு மாசமாச் சொட்டு மழை இல்லை. போன முறையும் அந்த உடையார்கட்டுப் பிள்ளை என்னட்ட அலவாங்கு வாங்கித்தான் கிண்டினவள். மற்றவை மேலால புழுதியை வழிச்சுப் போட்டிட்டுப் போட்டினம்."

நான் கையில் அள்ளிய மண் விரல் இடுக்கால் மாவாக வழிந்தது. இதற்குள் பதினெட்டு வீதம் தண்ணீர் இருப்பதாக அறுபது புத்தகத்தில் நான் சரி போட்டிருக்கிறேன்.

"அதை விடும்" என்றார் லாப் அண்ணா. "உங்கட ஆக்களின்ர பேணியெல்லாம் ஓவனுக்குள்ளேயே கிடக்குது. எப்ப எடுக்கப் போறியள்? எனக்கு ஓவன் வேணும்."

போய் ஓவனைத் திறந்தேன். பன்னிரண்டு வைத்த இடத்தில் பதினொரு பேணி அப்படியே இருந்தது. வெளியே எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஒன்று அவளுடையது. வியாழக்கிழமை நிறுக்க வந்தது அவள் ஒருத்திதான். அவளுடைய குழுவில் மற்ற நாலு பேரும்கூட அவள் நிறுத்ததை எழுதவில்லை.

பதினெட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு நான் எங்கும் போய் விசாரிக்கத் தேவையில்லை. என்னுடைய ரெக்கோட் யாரோ ஒரு புண்ணியவான் கையால் படமெடுக்கப்பட்டு, பி.டி.எஃப் ஆகி, மூன்று பட்ச்சாக வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். அந்தப் பதினெட்டு தசம் ஆறும் என்னுடையதல்ல. எங்களுக்கு இந்தச் செய்முறை நடந்தது கார்த்திகை மாதம், நல்ல மழை. அன்றைக்குக் கரண்ட் நின்று ஓவன் குளிர்ந்துபோக, எங்கள் குழு ஒரு சீனியர் அக்காவின் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாவோ கடவுளுக்குத்தான் தெரியும். பிறகு நாட்டில் வந்த குழப்பங்களாலும் பகிஷ்கரிப்புகளாலும் செமஸ்டர்கள் தள்ளித் தள்ளிப் போய், கார்த்திகையில் நடந்த செய்முறை ஆவணி வெயிலுக்கு வந்து சேர்ந்திருந்தது. மழை மட்டும் ரெக்கோட்டில் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை கொண்டு வந்த பதினெட்டு எங்கயிருந்து எடுத்தனீர்?"

"குரூப்பில கிடந்த பி.டி.எஃப் பாத்து எழுதினனான் அக்கா" என்றாள். பிறகு, நான் கோபப்படுவேனோ என்று பார்த்துவிட்டு, "உங்கட ரெக்கோட் எண்டு சொன்னவை" என்றாள்.

"முதல் எழுதின பக்கம் இருக்கோ?"

"எறிஞ்சிட்டன் அக்கா."

அவள் என்னைப் பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தில் கோபமும் இல்லை. நான் சரி என்றதை எழுதித் தந்துவிட்டாள், இனி என்ன குறை என்பது மாதிரித்தான் நின்றாள்.

சேரிடம் போக எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கடிதத்தை நினைத்துத்தான் அந்த இரண்டு நாளும். வெட்கமாக இருந்தது என்று சொல்லித் தப்பலாம், ஆனால் வெட்கத்தைவிடக் கடிதம்தான் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் போய், என்னுடைய ரெக்கோட்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தான் போட்ட நன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவணியில பதினெட்டு" என்றார் கடைசியில். "நானும் பாக்கேல்ல."

அவளுக்கு மட்டும் பழைய மூன்று தசம் எட்டுக்கு முழு மார்க்ஸும் போடலாம் என்று நான் வாதாடினேன். அவர் அவளுடைய புத்தகத்தை விரித்துக் காட்டினார். அதில் இருந்தது பதினெட்டு தசம் ஐந்து.

"புத்தகத்தில இல்லாததுக்கு நான் என்னெண்டு மார்க்ஸ் போடுறது? இவளும் மற்றவை மாதிரித்தானே எழுதி வைச்சிருக்கிறாள். அறுபது பேரும் திருப்பிச் செய்யவேணும். செய்யாட்டி சைபர். நீரே நிண்டு செய்வியும்."

ஒழுங்காகச் செய்த ஒரே பிள்ளையையும் களவெடுத்தவர்களின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது என் கைதான். கடிதம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. செமஸ்டர் முடிந்து நெடுநாளைக்குப் பிறகு அது ஒரு உறையில் வந்தது. பொறுமையானவர் என்று எழுதியிருந்தார்.

திருப்பிச் செய்த நாட்களில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வட்ஸ்அப் கூட அமைதியாகிவிட்டது. இந்தமுறை ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பேணி, ஓவனுக்கு இரண்டு தடவையாக. ஆளுக்கு ஆள் அலவாங்கு கொடுத்தேன். தெற்குப் பிள்ளைகள் சிங்களத்தில் என்னவோ சொல்லித் திட்டினார்கள், எங்கள் பிள்ளைகள் தமிழில் திட்டினார்கள், எனக்கு இரண்டும் நன்றாகவே விளங்கியது. நிறுக்கிற அன்று நான் ஓவன் கதவடியிலேயே கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். ஒவ்வொருவராக வந்து, நான் பார்க்கத் தராசில் வைத்து, நான் பார்க்கக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நாலு தசம் ஒன்று, மூன்று தசம் ஆறு, மூன்று தசம் ஒன்பது.

அவளும் வரிசையில் வந்தாள். இந்த ஒன்றில் தேறினால் அவள் பரீட்சை எழுதலாம் என்று எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கட்டும், மூன்று தரம் என்றாலும் நாலு தரம் என்றாலும் நிறுக்கட்டும், இன்றைக்குப் பஸ் போனால் போகட்டும் என்று இருந்தேன்.

பேணியைத் தராசில் வைத்தாள். இலக்கங்கள் ஓடி ஓடி நின்றன. பேனா கையில் இருந்தது. அவள் எழுதவில்லை. தராசைப் பார்க்கவுமில்லை, என்னைப் பார்த்தாள்.

"அக்கா, எவ்வளவு வரவேணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல், தெரிந்துகொண்டு எழுதலாம் என்று பணிவாகக் கேட்டாள்.

"தராசில என்ன கிடக்கோ அதை எழுதும்" என்றேன்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். தன் கணக்கும் அதுவும் கிட்டக்கிட்டத்தான் இருக்கிறது என்று கண்ட பிறகே எழுதினாள். ஒரு தரம்தான் நிறுத்தாள்.